நவீன, சமகால வரலாற்றில் பட்டப்பின் படிப்பு: யாழ்ப்பாணத்து மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வரலாற்றில் முதல் பட்டம் பெற்றவர்களும், பாடசாலையில் வரலாறு கற்பித்துக்கொண்டே மேலே படிக்க நினைக்கும் ஆசிரியர்களும், வேறு துறையிலிருந்து வரலாற்றை நோக்கி வருபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்து விடையளித்திருக்கிறேன். விண்ணப்பத் திகதி, கட்டணம் போன்றவை ஆண்டுக்காண்டு மாறுபவை. அவற்றை அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் அறிவித்தலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நவீன வரலாறு எங்கே தொடங்குகிறது? சமகால வரலாறு எங்கே தொடங்குகிறது?

எல்லோரும் ஒப்புக்கொண்ட எல்லைக்கோடு எதுவும் கிடையாது. இலங்கைப் பாடத்திட்டங்கள் பெரும்பாலும் ஐரோப்பியர் வருகையையோ பிரித்தானியர் ஆட்சியையோ நவீன காலத்தின் வாசலாகக் கொள்கின்றன. யாழ்ப்பாணத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் 1619இல் போர்த்துக்கேயர், 1658இல் ஒல்லாந்தர், 1795இல் பிரித்தானியர் என்று ஆட்சி கைமாறிய ஆண்டுகள் நமக்கு மனப்பாடம். ஆனால் காணி, வரி, சாதி, கல்வி ஆகியவற்றில் ஏற்பட்ட மாற்றங்கள் இந்த ஆண்டுகளுக்குக் கட்டுப்பட்டு நடக்கவில்லை. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டத்தை, பிரித்தானியர் 1806இல் சட்டமாக ஏற்றுக்கொண்டார்கள். திருத்தங்களுடன் அது இன்றும் நீதிமன்றத்தில் வாதிடப்படுகிறது. அதைப் படிப்பவர் எந்தக் காலப்பிரிவுக்குள்ளும் அடங்கியிருக்க முடியாது.

சமகால வரலாற்றுக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் எளியது. சம்பவத்தை நேரில் கண்டவர்கள் உயிரோடிருந்து நாம் எழுதுவதை மறுத்துரைக்கக்கூடிய காலம் எதுவோ, அதுவே சமகாலம். இந்த அளவுகோலின்படி நம் ஊரின் சமகாலம் ஏறத்தாழ 1950களில் தொடங்குகிறது.

இளமாணிப் பட்டத்தில் படித்ததற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

இளமாணியில் பெரும்பாலும் மற்றவர்கள் கண்டடைந்த முடிவுகளைக் கற்கிறோம். பட்டப்பின் படிப்பில் அந்த முடிவுகளுக்கு அவர்கள் எப்படி வந்தார்கள் என்று சோதிக்கிறோம், பிறகு நமக்கென்று ஒரு கேள்வியை எழுப்புகிறோம். நமக்குப் பழக்கமான ஒரு நிகழ்வைக்கொண்டே இதை விளக்கலாம்.

1931இல், பிரித்தானியர் கொண்டுவந்த டொனமூர் யாப்பின் கீழ் அரசாங்க சபைக்கு நடந்த முதல் தேர்தலை யாழ்ப்பாணம் பகிஷ்கரித்தது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவரும் வேட்புமனுத் தாக்கல் செய்யவில்லை. 1934 இடைத்தேர்தல் வரை அந்த ஆசனங்கள் வெறுமையாகக் கிடந்தன. பரீட்சைக்கு இவ்வளவு போதும்.

ஆனால் ஏன் பகிஷ்கரித்தார்கள் என்று கேட்டதும் மூலங்கள் தங்களுக்குள் முரண்படத் தொடங்குகின்றன. முன்னின்று நடத்திய யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ், புதிய யாப்பு முழுச் சுயராச்சியத்தைத் தரவில்லை என்பதையே காரணமாகச் சொன்னது. அது 1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வரவேற்ற அமைப்பு. இனவாரிப் பிரதிநிதித்துவத்தை எதிர்த்த அமைப்பு. அதே யாப்போ இனவாரிப் பிரதிநிதித்துவத்தை ஒழித்து, சர்வசன வாக்குரிமையையும் வழங்கியிருந்தது. இவை இரண்டையும் விரும்பாத தமிழ்ப் பிரமுகர்களும் அப்போது இருந்தார்கள். அப்படியானால் பகிஷ்கரிப்பை ஆதரித்த எல்லோரும் ஒரே காரணத்துக்காகவா ஆதரித்தார்கள்? இளைஞர்களின் தீர்மானத்தை மூத்தவர்கள் எந்தக் கணக்கில் ஏற்றுக்கொண்டார்கள்? பிற்காலத்தில் இதை இனமுரண்பாட்டின் முதல் அத்தியாயமாக எழுதியவர்கள் 1956 ஆட்சிமொழிச் சட்டத்துக்குப் பிந்தைய அனுபவத்தை 1931இன் மீது ஏற்றிப் பார்த்தார்களா? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடும்போது அக்காலத்து ‘இந்துசாதனம்’ பத்திரிகையையும், தேசாதிபதி (பிரித்தானிய ஆளுநர்) இலண்டனுக்கு எழுதிய அறிக்கைகளையும், அமைப்பின் சொந்தத் தீர்மானங்களையும் அருகருகே வைத்துப் படிக்க நேரிடும். பட்டப்பின் படிப்பின் அன்றாட வேலை இதுதான்.

முதுகலைமாணி, முதுதத்துவமாணி, கலாநிதி: எதற்கு விண்ணப்பிப்பது?

இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் பாடநெறியை மட்டும் கொண்ட முதுமாணி 9ஆம் மட்டத்திலும், பாடநெறியோடு ஆய்வுப் பகுதியும் சேர்ந்த முதுமாணி 10ஆம் மட்டத்திலும், முதுதத்துவமாணி 11ஆம் மட்டத்திலும், கலாநிதி 12ஆம் மட்டத்திலும் வருகின்றன. முழுநேர ஆய்வாக முதுதத்துவமாணிக்குக் குறைந்தது இரண்டு ஆண்டுகளும் கலாநிதிக்கு மூன்று ஆண்டுகளும் வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இவற்றை உயர்பட்டப் படிப்புகள் பீடத்தினூடாகத் தேட வேண்டும். பேராதனையில் மானிடவியல், சமூக விஞ்ஞானத்துக்கான பட்டப்பின் நிறுவனம் தனியாக இயங்குகிறது.

பதவி உயர்வுக்காக ஒரு தகைமை வேண்டும் என்பவர் 9ஆம் மட்டத்தோடு நிறுத்திக்கொண்டால் தவறில்லை. ஆய்வில் நிலைக்க விரும்புபவர் ஆய்வுப் பகுதி உள்ள நெறியையே எடுக்க வேண்டும், ஏனெனில் ஆய்வுப் பகுதி இல்லாத முதுமாணியைக் கொண்டு கலாநிதிப் பதிவுக்குப் போகும்போது பல இடங்களில் மேலதிக நிபந்தனைகளுக்கு முகங்கொடுக்க நேரிடும்.

வரலாற்றைச் சிறப்புப் பாடமாகப் படிக்காதவர் சேர முடியுமா?

பல இடங்களில் முடியும். தகுதிகாண் பாடங்களோ நேர்முகமோ இருக்கலாம். சட்டம், பொருளியல், புவியியல், தமிழ் படித்து வருபவர்கள் தங்கள் துறையின் கருவிகளையும் கையோடு கொண்டுவருகிறார்கள். காணி உறுதியைப் படிக்கத் தெரிந்த ஒரு சட்டத்தரணி வகுப்பில் இருந்தால் மற்ற எல்லோருக்கும் நன்மை.

1981இல் நூலகம் எரிந்தது, பிறகு இடப்பெயர்வுகள். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு மூலங்களை எங்கே தேடுவது?

இந்தக் கேள்வியில் இருக்கும் வேதனை நியாயமானது. 1981 மே 31 இரவு தொடங்கிய வன்முறையின்போது மூட்டப்பட்ட தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் பகுதி முழுவதும் இடம்பெயர்ந்தபோது எத்தனை வீடுகளின் அலுமாரிகள் அப்படியே கைவிடப்பட்டன என்பதற்குக் கணக்கே இல்லை. அந்த இழப்பை ஈடுசெய்ய முடியாது. ஆயினும் யாழ்ப்பாணத்தைப் பற்றிய ஆவணங்கள் எல்லாம் யாழ்ப்பாணத்திலேயே இருந்ததில்லை. நம்மை ஆண்டவர்கள் எங்கெல்லாம் கணக்கு ஒப்புவித்தார்களோ அங்கெல்லாம் அவற்றின் ஒரு பகுதி தங்கியிருக்கிறது.

முதலில் போக வேண்டிய இடம் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களம். 1640 முதலான ஒல்லாந்தர் ஆவணங்களும், பிரித்தானிய நிர்வாகத்தின் கடிதங்களும், அரசாங்க அதிபர்களின் நாட்குறிப்புகளும் அங்கே உள்ளன. அந்த அரசாங்க அதிபர்களில் டைக் 1829 முதல் 1867 வரையும் துவைனம் 1869 முதல் 1896 வரையும் வட மாகாணத்தை நிர்வகித்தார்கள். ஒரே மனிதர் இவ்வளவு நீண்ட காலம் ஒரு மாகாணத்தில் இருந்து எழுதிய எழுத்து, ஆய்வாளனுக்குக் கிடைத்த பெரும் வாய்ப்பு. குளம், வாந்திபேதி, புகையிலை, கோயில் வழக்கு, மணியகாரர் (உள்ளூர்த் தலைமைக்காரர்) நியமனம் என்று எல்லாம் ஒரே கையால் பதிவாகின்றன. அந்தக் கை எதைப் பார்க்கவில்லை என்பதும் கூடவே தெரியத் தொடங்கும். முதல் தடவை போகிறவர் சுட்டியைப் படிப்பதற்கே சில நாட்களை ஒதுக்க வேண்டும். இரவு ரயிலில் போய் அடுத்த நாள் திரும்பிவிடலாம் என்ற திட்டம் ஒருபோதும் சரிவராது.

பிரித்தானிய ஆட்சியின் முதல் சில ஆண்டுகளில் இலங்கையின் கரையோரப் பகுதிகள் சென்னையிலிருந்தே நிர்வகிக்கப்பட்டன. ஆகவே அக்காலத்து ஆவணங்களுக்கு எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தைப் பார்க்க வேண்டும். தேசாதிபதிகள் இலண்டனுக்கு எழுதிய கடிதங்கள் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், குடியேற்ற அலுவலகத்தின் 54ஆம் தொடரில் இருக்கின்றன. 1816இல் இங்கு வந்த அமெரிக்க மிஷனின் தாய்ச் சபைப் பதிவேடுகள் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தின் ஹௌட்டன் நூலகத்தில் உள்ளன. வட்டுக்கோட்டைச் செமினரியையோ உடுவில் மகளிர் கல்லூரியையோ மானிப்பாயில் கிறீன் வைத்தியர் நடத்திய தமிழ்வழி மருத்துவக் கல்வியையோ ஆராய்பவர் அவற்றைத் தவிர்க்க முடியாது.

பத்திரிகைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1841இல் ‘உதயதாரகை’, 1889இல் ‘இந்துசாதனம்’, 1930இல் ‘ஈழகேசரி’, 1959இல் ‘ஈழநாடு’ என்று யாழ்ப்பாணத்துக்குத் தொடர்ச்சியான ஓர் அச்சு மரபு உண்டு. இவற்றின் இதழ்களில் கணிசமானவற்றை, 2005இல் தொடங்கப்பட்ட ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகத்தில் வீட்டிலிருந்தே படிக்கலாம். அது தன்னார்வலர்களின் உழைப்பால் வளர்ந்தது. அதன் பயனை அனுபவிக்கும் ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டிலுள்ள ஒரு பழைய சிறப்பு மலரையாவது அதற்குக் கொடுத்து எண்ணிமப்படுத்த உதவ வேண்டும் என்று நான் வற்புறுத்தியே கேட்கிறேன்.

புள்ளிவிபரங்களைக் கையாள்பவருக்கு ஓர் எச்சரிக்கை. குடிசன மதிப்பீடு 1871 முதல் நடந்துவந்தாலும் 1981க்குப் பிறகு நாடு முழுவதையும் உள்ளடக்கிய அடுத்த கணக்கெடுப்பு 2012இல்தான் நடந்தது. 2001இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் முழுமையாகக் கணக்கெடுக்க முடியவில்லை. 1981இன் யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் கிளிநொச்சியும் அடங்கியிருந்தது, 1984இல்தான் அது தனி மாவட்டமாயிற்று. இதைக் கவனியாமல் இரண்டு எண்களையும் அருகருகே வைத்து மக்கள்தொகைச் சரிவைக் கணக்கிடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வீட்டிலிருக்கும் பழைய காகிதங்கள் வரலாற்று மூலமாகுமா?

ஆகும். நம் ஊரைப் பொறுத்தவரை அவை இரண்டாந்தர மூலங்கள் அல்ல.

ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு அச்சிட்டுக் கொடுக்கும் நினைவு நூலான கல்வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தேவார திருவாசகத்தைத் தாண்டி உள்ளே போனால், இறந்தவர் இன்ன ஊரில் இன்னாருக்கு மகனாகப் பிறந்தார், இன்ன பாடசாலையில் ஆங்கிலம் கற்றார், மலாயா ரயில்வேயில் எழுதுவினைஞராகச் சேர்ந்தார், இன்ன ஊரில் விவாகம் செய்தார், ஓய்வூதியத்தோடு திரும்பி வந்து கோயிலுக்கு மடம் கட்டினார் என்று ஒரு வாழ்க்கை ஒழுங்காக விரியும். கடைசிப் பக்கத்தில் வம்சாவளி இருக்கும். ஒரு கல்வெட்டு ஒரு மனிதரின் கதை. ஒரே கிராமத்தின் ஐம்பது கல்வெட்டுகளைச் சேர்த்தால் அந்தக் கிராமத்திலிருந்து யார் யாரை மலாயாவுக்கு அழைத்துக்கொண்டார்கள், பென்சன் பணம் எந்தக் கோயிலுக்கும் எந்தப் பாடசாலைக்கும் போனது, விவாக உறவுகள் எந்த ஊர் எல்லைக்குள் நின்றன என்பன தெரியவரும். யாருக்குக் கல்வெட்டு அச்சிடப்படவில்லை என்பதும் தெரியவரும். அதையும் கணக்கிலெடுக்காத ஆய்வு வசதியுள்ள குடும்பங்களின் வரலாறாகவே முடியும்.

திகதியில் அவதானம் தேவை. இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பா ‘பிரசோற்பத்தி ஆண்டு’ என்று மட்டும் சொல்லும். அறுபது ஆண்டுச் சுற்றில் அது 1871 சித்திரையில் தொடங்கிய ஆண்டாகவும் இருக்கலாம், 1931 சித்திரையில் தொடங்கிய ஆண்டாகவும் இருக்கலாம். பக்கத்தில் வரும் பேரப்பிள்ளைகளின் வயதையோ அச்சகத்தின் பெயரையோ கொண்டுதான் முடிவுசெய்ய வேண்டியிருக்கும்.

காணி உறுதிகளும் அவ்வாறே. முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (விவாகத்தின் பின் தேடிய சொத்து) என்ற தேசவழமை வகைப்பாட்டைக் கொண்டு ஒரு துண்டு வயல் நூறு ஆண்டுகளில் எந்தப் பெண்களின் கைவழியாக நகர்ந்தது என்று தொடரலாம். பெயரும் எல்லையும் உரிமைப் பிரச்சினையைக் கிளப்பக்கூடியவை என்பதால் குடும்பத்தாரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் இவற்றைப் பிரசுரிக்கக் கூடாது.

தலைப்பை எப்படித் தெரிவுசெய்வது?

‘இலங்கையில் இனப்பிரச்சினையின் வரலாறு’ என்ற தலைப்போடு வருபவர்களே அதிகம். அந்த ஆர்வத்தை நான் மதிக்கிறேன். ஆனால் சோல்பரி யாப்பு, 1948 பிரசாவுரிமைச் சட்டம், 1956 ஆட்சிமொழிச் சட்டம், 1957 பண்டா–செல்வா ஒப்பந்தம், 1972 யாப்பு, 1976 வட்டுக்கோட்டைத் தீர்மானம், 1983 யூலை வன்முறை, 1987 இலங்கை–இந்திய ஒப்பந்தம் என்று வரிசைப்படுத்தி முடிப்பதற்குள் சொற்களின் எல்லை தீர்ந்துவிடும். புதிதாக ஒன்றும் சொல்லியிருக்க மாட்டீர்கள். அந்த வரிசையில் ஒரு புள்ளியைப் பிடித்து இறங்குங்கள். 1956க்குப் பிறகு யாழ்ப்பாணக் கச்சேரியின் (மாவட்ட அரச அலுவலகத்தின்) எழுதுவினைஞர்கள் சிங்களத் தேர்ச்சி விதியை எப்படி எதிர்கொண்டார்கள் என்பது ஒரு தலைப்பு. 1971இல் தொடங்கிய, பல்கலைக்கழக அனுமதிக்கான புள்ளித் தரப்படுத்தல் ஒரு குறிப்பிட்ட கல்லூரியின் உயர்தர வகுப்பை என்ன செய்தது என்பது இன்னொன்று. ஒரு கேள்வி, ஓர் இடம், வரையறுத்த காலம், கைக்கெட்டும் மூலம் என்ற நான்கும் ஒரே வாக்கியத்தில் அடங்கினால் தலைப்பு தேறிவிட்டது.

ஆங்கிலமும் சிங்களமும் கட்டாயமா?

ஆங்கிலம் இல்லாமல் பிரித்தானியக் கால மூலங்களைத் தொடவே முடியாது. மொழிபெயர்ப்பை நம்பி முதுகலை முடித்தவர்கள் இருக்கலாம், ஆனால் ஆய்வில் அவர்களுக்கு அடுத்த படி இல்லை. சிங்களத்தைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். 1948க்குப் பிந்தைய அரசியலை ஆராயும் தமிழ் மாணவர்களில் பெரும்பாலோர் சிங்களப் பத்திரிகைகளைப் படிப்பதில்லை, அதேபோல் சிங்கள மாணவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பத்திரிகைகளைப் படிப்பதில்லை. அதனால் இரு தரப்பும் மற்றவரின் எண்ணத்தை ஆங்கிலச் செய்திகளின் வழியாகவே ஊகிக்கின்றன. 1957 ஒப்பந்தத்துக்கு எதிராகத் தெற்கில் என்ன பேசப்பட்டது என்பதை அந்த மொழியிலேயே படித்த ஒரு யாழ்ப்பாண மாணவர் எழுதும் அத்தியாயத்துக்குத் தனி எடை உண்டு. ஒல்லாந்தர் காலத்துக்குப் போகிறவர் பழைய டச்சு மொழியைக் கற்றாக வேண்டும். அதற்குக் குறுக்குவழி கிடையாது.

போர்க்காலத்தை ஆய்வுசெய்யலாமா? உறவினரிடமும் அயலவரிடமும் வாய்மொழிச் சாட்சியம் பெறலாமா?

செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் தொடங்குமுன் பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒழுக்கவியல் குழுவின் அனுமதியைப் பெற வேண்டும், பேசுபவரிடம் இந்த உரையாடல் எங்கே சேமிக்கப்படும், யார் கேட்பார்கள், எப்போது அழிக்கப்படும் என்பதைத் தமிழிலேயே விளக்கிச் சம்மதம் பெற வேண்டும். பேசத் தொடங்கிய பிறகும் நிறுத்தச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நிழலில் நெடுங்காலம் வாழ்ந்த சமூகத்தில், ஒருவர் சொன்ன பெயர் இன்னொருவருக்கு ஆபத்தாகலாம் என்பதைக் கனவிலும் மறக்கக் கூடாது. பெயரை மாற்றினால் மட்டும் போதாது. ஊர், தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றைக் கொண்டே நம் ஊரில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நினைவை அப்படியே நிகழ்வாக எழுதிவிடவும் கூடாது. 1995 இடப்பெயர்வைப் பற்றிப் பேசும் பலர், நாவற்குழிப் பாலத்தில் நெருங்கிச் சென்ற சனத்தையும் அந்த இரவின் மழையையும் சொல்வார்கள். எந்த நாள், எந்த நேரம் என்பதில் ஒருவருக்கொருவர் மாறுபடுவார்கள். அந்த மாறுபாட்டைப் பொய் என்று தள்ளிவிடாமல் அக்காலப் பத்திரிகைகளோடும் பாடசாலை, தேவாலயப் பதிவுகளோடும் ஒப்பிட வேண்டும். 2010இல் நியமிக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் மக்கள் அளித்த சாட்சியங்களும் இத்தகைய ஒப்பீட்டுக்கு உதவும். அண்மைக்கால அரச ஆவணங்களுக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்துப் பார்க்கலாம்.

எங்கள் குடும்பமே பாதிக்கப்பட்டது. நான் எப்படி நடுநிலையோடு எழுதுவேன்?

உணர்ச்சியை விட்டுவிட்டு வரும்படி நான் யாரிடமும் கேட்டதில்லை. பாதிப்பே பலருக்கு நல்ல கேள்வியைத் தந்திருக்கிறது. ஆய்வு உங்களிடம் கேட்பது வேறு: உங்கள் முடிவுக்கு எதிரான சான்றை நீங்களே தேடிப்போய் வாசகர் முன் வைக்க வேண்டும். 1983 யூலையைப் பற்றி எழுதும் கையால் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டதையும் அதே கண்டிப்போடு எழுத முடிய வேண்டும். சாதியின் பெயரால் கோயில் வாசலிலும் தேநீர்க்கடையிலும் பாடசாலையிலும் மறுக்கப்பட்டவர்கள் 1960களில் நடத்திய போராட்டங்களை இனத்தின் ஒற்றுமைக்காக ஒதுக்கிவிட முடியாது. இதில் தளர்ந்துபோகும் ஆய்வேடு, எவ்வளவு அடிக்குறிப்புகள் இருந்தாலும், நம் மக்களுக்கே பயன்படாது.

உலக வரலாற்றை யாழ்ப்பாணத்திலிருந்து ஆராய முடியுமா?

மூலங்கள் எண்ணிம வடிவில் கிடைக்கும் அளவுக்கு முடியும். இரண்டு உலகப் போர்கள், இந்திய சுதந்திரப் போராட்டம், ஜப்பானியர் ஆட்சியில் மலாயா போன்றவற்றில் நம் ஊரோடு தொடர்புடைய ஒரு வாசலைத் தேடிக்கொண்டால் வேலை எளிதாகும்.

வெளிநாட்டில் படிக்க உதவித்தொகை உண்டா?

இந்தியாவுக்கு ஐ.சி.சி.ஆர். (இந்தியக் கலாசார உறவுகள் பேரவை) புலமைப்பரிசிலும், பிரித்தானியாவுக்குப் பொதுநலவாய, செவனிங் புலமைப்பரிசில்களும் இருக்கின்றன. விண்ணப்பத்தில் திட்டவட்டமான ஆய்வுக் கேள்வி இல்லாவிட்டால் மற்றத் தகைமைகள் எடுபடாது.

மேற்பார்வையாளரை முதன்முறை சந்திக்கப் போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

‘சேர், எனக்கொரு தலைப்புத் தாங்கோ’ என்று கேட்டுப் போகாதீர்கள். இரண்டு பக்கத்துக்கு மேற்படாத ஒரு குறிப்பை எழுதிக்கொண்டு போங்கள். அதில் உங்கள் கேள்வி, அதைப் பற்றி ஏற்கெனவே எழுதியவர்கள் சொன்னது, அவர்களோடு நீங்கள் உடன்படாத இடம் ஆகியவை இருக்கட்டும். அதோடு நீங்கள் நேரில் பார்த்துப் படித்த ஒரு மூலத்தின் பிரதியையும் எடுத்துச் செல்லுங்கள். ஒரு பத்திரிகைப் பக்கமோ ஒரு கல்வெட்டோ ஒரு நிர்வாக அறிக்கையின் சில பந்திகளோ போதும். அந்தப் பிரதியை மேசையில் வைத்து, இதில் எனக்கு விளங்காதது இது என்று காட்டுங்கள். பேச்சு அங்கிருந்து தொடங்கட்டும்.